போட்ட மோடைத் திரும்ப எடுக்கத் தெரிய வேண்டும்

மோட் என்பது கேமை மாற்றவோ கூட்டவோ ரசிகர்கள் செய்து வெளியிடும் கோப்புத் தொகுப்பு. ஒரு கேமுக்கு முதல் பத்து மோட்களைப் போடுவதில் யாருக்கும் சிரமம் வருவதில்லை. ஜிப்பை இறக்கி, பிரித்து, கேம் ஃபோல்டருக்குள் போட்டால் முடிந்தது. எண்ணிக்கை நூறைத் தாண்டி, ஒரு நாள் கேம் திறக்காமல் போகும்போதுதான் கேள்விகள் வருகின்றன. இந்தக் கோப்பு எந்த மோடிலிருந்து வந்தது? இதை எடுத்தால் வேறு எது உடையும்? இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தால் நீங்கள் வைத்திருப்பது ஒழுங்கான அமைப்பு. அழகான பட்டியலோ வேகமான நிறுவலோ அதற்கு அடுத்தபடிதான்.

எங்கள் வீட்டில் இரண்டு கேம்கள் ஓடுகின்றன. அக்கா மகனின் லேப்டாப்பில் ஸ்கைரிம், என் மனைவியின் லேப்டாப்பில் ஸ்டார்டூ வேலி. இரண்டுக்கும் மோட் தேடுவது, அடுக்குவது, கெட்டால் சரிசெய்வது எல்லாம் என் வேலை. விரும்பிச் செய்கிற வேலை. அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. இன்று பெரும்பாலோர் மோட் போடுவது 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு. எல்லா மோட்களும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் ‘டேட்டா’ என்ற ஒரே ஃபோல்டர். அதற்குள் மெஷ் (பொருளின் வடிவம்), டெக்ஸ்சர் (அதன் மேற்பரப்புப் படம்), ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சிறு நிரல்), ஒலி என்று உள்ஃபோல்டர்கள். இரண்டு மோட்கள் ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பு வைத்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டு உட்காரும். கையால் காப்பி செய்யும்போது விண்டோஸ் ஒரு முறை கேட்கும், நாமும் சரி என்று தட்டிவிடுவோம். அப்புறம் இரண்டாவது மோடை நீக்கினாலும் முதல் மோடின் கோப்பு திரும்பி வராது. அந்தப் பெயரில் அங்கே எதுவுமே இருக்காது.

மோட்களை நிறுவி நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 என்ற நிரல் இதைத் தீர்த்திருக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒவ்வொரு மோடையும் அதனதன் ஃபோல்டரில் தனியாக வைத்துக்கொள்கிறது. கேமைத் தொடங்கும் நேரத்தில் மட்டும், எல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பது போல கேமுக்குக் காட்டுகிறது. உண்மையான டேட்டா ஃபோல்டர் அப்படியே கிடக்கிறது. பட்டியலில் ஒரு டிக்கை எடுத்தால் அந்த மோட் கேமைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. மறுபடி டிக் போட்டால் வந்துவிடும். பிரித்தெடுக்க முடிவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேமையும், லூட் (வரிசை அடுக்குவது), எக்ஸ்எடிட் (மோட் செய்யும் மாற்றங்களைத் திறந்து பார்ப்பது) போன்ற கருவிகளையும் மோட் ஆர்கனைசருக்குள்ளிருந்தே திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் கேம் ஐகானைத் தட்டினால் மோட் எதுவும் இல்லாத வெறும் ஸ்கைரிம்தான் வரும். “மாமா, எல்லாமே போயிடுச்சு” என்று அக்கா மகன் பதறிப்போய் ஃபோன் செய்தது இதற்காகத்தான். அந்த ஐகானை அழிக்கச் சொன்னேன், பிரச்சினை தீர்ந்தது.

வோர்டெக்ஸ் என்ற நிரலும் நல்ல மோட் மேலாளர்தான். அது ஹார்ட் லிங்க் (ஒரே கோப்பை இரண்டு இடங்களில் இருப்பதாகக் காட்டுவது) முறையில் கோப்புகளைக் கேம் ஃபோல்டருக்குள் கொண்டுவைக்கிறது. அதனால் மோட்களை வைத்திருக்கும் ஃபோல்டரும் கேமும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். கொஞ்சம் மோட்கள், நிறைய கேம்கள் என்றிருப்பவருக்கு வோர்டெக்ஸ் வசதி. ஒரே கேமில் நூற்றுக்கணக்கில் போடுகிறவருக்கு, எது எதை மிஞ்சுகிறது என்று கண்முன் காட்டுகிற மோட் ஆர்கனைசர்தான் என் தேர்வு. எதை எடுத்தாலும் சரி, இரண்டையும் ஒரே கேமுக்குக் கலந்து பயன்படுத்தாதீர்கள். கேமை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் வைக்காமல் வேறு இடத்தில் ஒரு ஸ்டீம் லைப்ரரி உருவாக்கி வையுங்கள். அந்த ஃபோல்டரை விண்டோஸ் தனிக் காவல் போட்டு வைத்திருப்பதால், கருவிகள் எழுத வேண்டிய கோப்பை எழுத முடியாமல் நிற்கும்.

இனி மோட் தேடுவது. மோட்கள் வெளியாகும் நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் அதிகப் பாராட்டு பெற்றவை என்று வரிசைப்படுத்தினால் பழைய மோட்கள்தான் மேலே வரும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த எண்ணிக்கை அது. அதே வேலையைச் சுத்தமாகச் செய்கிற புதிய மோட் எங்கோ கீழே கிடக்கும். அதனால் நான் முதலில் பாராட்டு எண்ணைப் பார்ப்பதில்லை. ‘போஸ்ட்ஸ்’ பகுதிக்குப் போய், ஆசிரியர் மேலே ஒட்டிவைத்திருக்கும் குறிப்பைப் படிப்பேன். பிறகு கடைசியாக வந்த கருத்துகளைப் பார்ப்பேன். சமீபத்திய கேம் பதிப்பில் ஓடுகிறதா, எந்த மோடோடு மோதுகிறது, ஆசிரியர் இன்னும் பதில் சொல்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ‘பக்ஸ்’ பகுதி திறந்திருந்தால் அதையும் ஒரு பார்வை. விளக்கப் பக்கம் ஆசிரியர் ஆசைப்பட்டதைச் சொல்லும், கருத்துகள் நடந்ததைச் சொல்லும்.

இறக்குவதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். கோப்புப் பகுதியில் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னோட்டம் காட்டும் வசதி இருக்கிறது. வெறும் டெக்ஸ்சர்தானா, ப்ளக்இன் (கேமின் ஆட்கள், பொருள்கள், இடங்கள் பற்றிய விவரங்களை மாற்றும் கோப்பு) இருக்கிறதா, டிஎல்எல் கோப்பு (கேமோடு சேர்ந்து ஓடும் நிரல்) இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். டெக்ஸ்சர் மட்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம். ப்ளக்இன்னும் ஸ்கிரிப்ட்டும் இருந்தால் அது ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் கோப்பையும் தொடும். டிஎல்எல் இருந்தால் கேமின் பதிப்பு எண்ணோடு கட்டப்பட்ட மோட். ஒரு மோடை எவ்வளவு யோசித்துப் போட வேண்டும் என்பதை இந்த மூன்று வகை கிட்டத்தட்ட சொல்லிவிடும்.

தேவைப் பட்டியலை எல்லோரும் படிக்கச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு படி மேலே போய், தேவையின் தேவையையும் பாருங்கள். மெனுக்களை மாற்றும் ஸ்கையூஐ மோட் வேண்டுமென்றால், கேமின் ஸ்கிரிப்ட் வசதியை நீட்டிக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற நிரல் வேண்டும். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டருக்குக் கேமின் பதிப்பு எண் பொருந்த வேண்டும். ஸ்டீம் கடையில் வாங்கியதில் 1.6.1170, ஜிஓஜி கடையில் வாங்கியதில் 1.6.1179 என்று இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். 2021 நவம்பர் 11 அன்று ஆனிவர்சரி எடிஷனோடு 1.6 வந்தபோது டிஎல்எல் மோட்கள் மொத்தமாக வேலை செய்யாமல் போயின. அவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பலர் 1.5.97-லேயே நின்றுகொண்டார்கள். ஆகவே பதிப்பு எண் தெரியாமல் மோட் தேடத் தொடங்கவே கூடாது. ஸ்டீமில் ‘கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று அமைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வழியாகவே கேமைத் திறந்தால், நமக்குத் தெரியாமல் பதிப்பு மாறுவது பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது வரிசையில். ஸ்கைரிமில் வரிசை ஒன்றல்ல, இரண்டு. மோட் ஆர்கனைசரின் இடப்பக்கப் பட்டியல் கோப்புகளுக்கானது. ஒரே கோப்பு இரண்டு மோட்களில் இருந்தால், பட்டியலில் கீழே இருப்பது வெல்லும். வலப்பக்கம் ப்ளக்இன் வரிசை, அதாவது லோட் ஆர்டர். ஒரே கடைக்காரரை, ஒரே வாளை, ஒரே அறையை இரண்டு ப்ளக்இன்கள் மாற்றினால் கடைசியாக ஏறுவது சொல்வதுதான் கேமில் நிற்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தானாகப் பின்பற்றுவதில்லை. கூடவே இன்னொரு விதி: பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பிஎஸ்ஏ பொட்டலத்துக்குள் இருக்கும் கோப்பை, பிரித்துப் போட்ட தனிக் கோப்பு எப்போதும் மிஞ்சும். டெக்ஸ்சர் மோடைக் கீழே நகர்த்தியும் மாற்றம் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடப்பக்கத்தில் ஒவ்வொரு மோடுக்கும் பக்கத்தில் சின்ன மின்னல் குறி வரும். பச்சைக் கூட்டல் என்றால் இது வேறொன்றை மிஞ்சுகிறது, சிவப்புக் கழித்தல் என்றால் இது மிஞ்சப்படுகிறது. மோடை இரட்டைக் கிளிக் செய்தால் எந்தக் கோப்பு, யாரிடம் என்று முழுப் பட்டியல் திறக்கும். மோதல் என்றதும் பயப்பட வேண்டாம். ஊர்ச் சுவர்களை மாற்றும் பெரிய மோடின் மேல், ஒரே ஒரு கதவை மாற்றும் சின்ன மோடைப் போடுவதும் மோதல்தான். அது நாம் விரும்பிச் செய்கிற மோதல். யார் வெல்ல வேண்டும் என்று முடிவு செய்தாலே போதும்.

ப்ளக்இன்களை முதலில் லூட் கொண்டு அடுக்கலாம். ஆரம்ப வரிசைக்கு அது நன்றாகவே உதவும். இன்னது இல்லை, இதற்கு இணைப்பு மோட் (இரண்டு மோட்களை ஒத்துப்போகச் செய்வது) இருக்கிறது என்று அது காட்டும் எச்சரிக்கைகளைப் படிப்பதுதான் அதைவிட முக்கியம். ஆனால் இரண்டு மோட்கள் ஒரே பதிவை (ஒரு ஆள், ஒரு வாள் போன்ற ஒன்றின் விவரத்தை) மாற்றும்போது எது வேண்டும் என்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது, லூட்டுக்கு அது தெரியாது. அங்கே எக்ஸ்எடிட்டைத் திறந்து, அந்தப் பதிவில் யார் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. முதல் பார்வைக்கு மிரட்டும், நாலைந்து மோதல்களைப் பார்த்தால் பழகிவிடும்.

எண்ணிக்கைக்கும் எல்லை இருக்கிறது. கேமின் சொந்த ஐந்து மாஸ்டர் கோப்புகளையும் (மற்ற ப்ளக்இன்கள் சார்ந்திருக்கும் கோப்புகள்) சேர்த்து 254 முழு ப்ளக்இன்கள்தான் ஏறும். சிறிய மாற்றங்களுக்கான இலகு ப்ளக்இன்கள் எல்லாம் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் அவை 4096 வரை போகலாம். ஒரே மோடுக்கு முழு ப்ளக்இன், இலகு ப்ளக்இன் இரண்டும் கிடைத்தால் இலகுவானதை எடுங்கள்.

ஒழுங்கு என்று வரும்போது எனக்கு மிகவும் உதவியது பிரிப்பான்கள். பட்டியலில் ‘அடிப்படை’, ‘பிழைதிருத்தம்’, ‘திரை, மெனு’, ‘ஊர்கள்’, ‘சண்டை’, ‘இணைப்பு மோட்கள்’ என்று தலைப்புகள் போட்டு, ஒவ்வொரு மோடையும் அதனதன் கீழ் வைக்கிறேன். மோட் ஆர்கனைசரில் ஒவ்வொரு மோடுக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அங்கே ஒரு வரி எழுதுவேன். எதற்காகப் போட்டேன், நிறுவும்போது என்ன தேர்வு செய்தேன், எதற்குக் கீழே இருக்க வேண்டும். நிறுவும்போது கேள்வி கேட்டுத் தேர்வு செய்யச் சொல்லும் மோட்களுக்கு இந்த வரி இன்றியமையாதது. மோடை அப்டேட் செய்யும்போது அதே கேள்விகள் திரும்ப வரும், அன்றைக்கு என்ன தட்டினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் பட்டியலின் கடைசியில் ‘ஓவர்ரைட்’ என்று ஒன்று இருக்கும். கருவிகள் உருவாக்கும் கோப்புகள் அங்கே வந்து விழும். அவற்றை அவ்வப்போது பெயரிட்ட ஒரு தனி மோடாக மாற்றி வைத்தால்தான் அவையும் பிரித்தெடுக்கக் கூடியவை ஆகும்.

ஏதாவது கெட்டால் கேமே அடையாளம் காட்டும். அக்கா மகன், “மாமா, சுவரெல்லாம் ஊதா கலர்ல இருக்கு” என்றான். ஊதா என்றால் டெக்ஸ்சர் கிடைக்கவில்லை. பொருளுக்குப் பதில் சிவப்பு ஆச்சரியக்குறி நின்றால் மெஷ் கிடைக்கவில்லை. ஆட்கள் கையை விரித்துக்கொண்டு சிலையாய் நகர்ந்தால் அனிமேஷன் கருவியை ஓட்டவில்லை. மெனு வருவதற்குள் கேம் மூடிக்கொண்டால் ஏதோ ஒரு ப்ளக்இன்னுக்கு மாஸ்டர் இல்லை, மோட் ஆர்கனைசர் அதை மஞ்சள் எச்சரிக்கையாகவே காட்டியிருக்கும். இந்த நான்கையும் அவனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகு பாதிப் பிரச்சினைகளை அவனே பார்த்துக்கொள்கிறான்.

காரணம் எதுவென்றே தெரியாத கிராஷ் என்றால், பாதி மோட்களை அணைத்துப் பார்ப்பதுதான் வழி. அடிப்படை மோட்களை விட்டுவிட்டு மற்றதில் பாதியை அணையுங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி அணைத்த பாதியில், நிற்காவிட்டால் மீதியில். மறுபடி பாதி. 200 மோட்கள் இருந்தாலும் எட்டு முறைக்குள் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் புது ஆட்டம் தொடங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. மெயின் மெனுவிலேயே கட்டளை தட்டும் கன்சோல் பெட்டியைத் திறந்து ‘சிஓசி’ கட்டளையோடு ரிவர்வுட் ஊரின் பெயரைக் கொடுத்தால் நேராக அங்கே இறங்கிவிடலாம். இதற்கென்று மோட் ஆர்கனைசரில் தனியாக ஒரு ப்ரொஃபைல் (தனி மோட் பட்டியல்) வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற ப்ரொஃபைலையும் அதன் சேவையும் சோதனைக்குத் தொடவே கூடாது. ஸ்கைரிமில் ஸ்கிரிப்ட்டுகள் சேவுக்குள் பதிந்துவிடுகின்றன. ஆடிக்கொண்டிருக்கும் கதையின் நடுவில் ஸ்கிரிப்ட் மோடை நீக்கினால் அதன் மிச்சம் சேவிலேயே கிடக்கும். டிக்கை எடுத்தால் மோட் போய்விடும் என்றேன், சேவில் பதிந்ததற்கு அது பொருந்தாது.

ஸ்டார்டூ வேலிக்கு வந்தால் வேறு உலகம். இந்தக் கேமுக்கு ஒரு காலத்தில் படம், வரைபடம் போன்றவை இருக்கும் கேமின் சொந்த எக்ஸ்என்பி கோப்புகளையே மாற்றிப் போடுவது வழக்கமாக இருந்தது. மூலக் கோப்பு போனால் ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்த்துத் திரும்ப இறக்க வேண்டும். மோட்களை ஏற்றும் ஸ்மாபி நிரலும், மூலக் கோப்பைத் தொடாமலே உள்ளடக்கத்தை மாற்றும் கன்டென்ட் பேட்சர் மோடும் அந்த முறையைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டன. ஸ்மாபியில் ஒவ்வொரு மோடும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்போடு வருகிறது. பெயர், பதிப்பு, தனி அடையாளம், எதெது தேவை, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, எல்லாம் அதில் எழுதியிருக்கும். கேம் திறக்கும்போதே ஸ்மாபியின் கருப்பு ஜன்னல் சொல்லிவிடும்: இந்த மோடை ஏற்றவில்லை, காரணம் இன்ன மோட் இல்லை, இதற்குப் புதிய பதிப்பு இருக்கிறது. 2024 மார்ச் 19 அன்று 1.6 வந்த வாரம், என் மனைவி அந்த ஜன்னலைப் பார்த்துத் தானே ஒவ்வொன்றாக அப்டேட் செய்து முடித்தார். என்னைக் கூப்பிடவே இல்லை. மோட் நிறுவுவது எளிதாக இருக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் நான் மனதில் வைத்திருப்பது இந்த வடிவமைப்பைத்தான். மோட் தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும், அதைக் கேட்டு மனிதனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு நிரல் இருக்க வேண்டும்.

மோட்ஸ் ஃபோல்டருக்குள் ‘வீடு’, ‘ஆட்கள்’, ‘வசதி’ என்று உள்ஃபோல்டர் போட்டுப் பிரித்து வைக்கலாம், ஸ்மாபி உள்ளே போய்த் தேடிக்கொள்ளும். ஒரு மோடைத் தற்காலிகமாக அணைக்க அதன் ஃபோல்டர் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் போதும். தோழியோடு சேர்ந்து ஆடுவதற்குத் தனி மோட் தொகுப்பு வேண்டுமென்றால், வேறு மோட் ஃபோல்டரைக் காட்டி ஸ்மாபியைத் திறக்கவும் முடியும். புதிய பொருள்களைச் சேர்க்கும் மோடை நீக்குவதற்கு முன், அந்தப் பொருள்களைப் பெட்டிகளிலிருந்து எடுத்து விற்றுவிடுங்கள். இல்லாவிட்டால் அவை ‘எரர் ஐட்டம்’ என்று கிடக்கும்.

கோழிக்கூண்டின் படத்தை மாற்றும் ஒரு சின்ன மோடை நானே செய்து வெளியிட்டபோது மறுபக்கமும் புரிந்தது. வந்த கேள்விகள் பெரும்பாலும் மூன்றே வகை. எங்கே போடுவது, இன்ன பெரிய மோடோடு ஓடுமா, நடுவில் போட்டால் என் சேவ் கெடுமா. இந்த மூன்றுக்கும் பதிலைப் பக்கத்தின் முதல் சில வரிகளிலேயே எழுதிவைத்தேன், கேள்விகள் அடங்கிவிட்டன. மோட் செய்கிறவர்களிடம் என் வேண்டுகோளும் அதுதான். கதையும் படங்களும் அப்புறம் வரட்டும், முதலில் தேவைகள், பதிப்பு, நீக்கும் முறை. ஜிப்பைத் திறந்தால் ஒரே ஒரு ஃபோல்டர், அதற்குள் மேனிஃபெஸ்ட். அப்டேட் வெளியிடும்போது மேனிஃபெஸ்ட்டிலும் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், புதியதைப் போட்ட பிறகும் ஸ்மாபி புதிய பதிப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், ஆடுகிறவர் தன் நிறுவலைச் சந்தேகப்படுவார்.

இத்தனை பாடு எதற்கு, யாரோ அடுக்கிய தொகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளலாம். நெக்ஸஸில் கலெக்‌ஷன்கள் இருக்கின்றன. ஸ்கைரிமுக்கு வாபாஜாக் இருக்கிறது, ஒருவர் கட்டிய அமைப்பை அச்சு அசலாக உங்கள் கணினியில் எழுப்பிவிடும். நெக்ஸஸில் இலவசக் கணக்கு என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் கையால் பதிவிறக்கப் பொத்தானைத் தட்ட வேண்டும், வட்டிலும் நிறைய இடம் வேண்டும். ஆட மட்டும் விரும்புகிறவருக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்தத் தொகுப்பில் இன்னும் பத்து மோட்களைச் சேர்க்கலாம் என்று நினைத்தால், மேலே சொன்ன அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் அடுக்கிய வரிசையில் கை வைப்பது, நாமே முதலிலிருந்து அடுக்குவதைவிடக் கடினம்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்ற தீம்பொருள் புகுந்து, பலரும் நம்பிப் பயன்படுத்திய தளங்கள் வழியாகவே பரவியது. மைன்கிராஃப்டின் ஜாவா மோடும் ஸ்கைரிமின் டிஎல்எல்லும் உங்கள் கணினியில் ஓடுகிற நிரல்கள் என்பதை மறக்கக் கூடாது. மூல ஆசிரியரின் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள், யாரோ மறுபதிவேற்றிய ‘எல்லா மோட்களும் ஒரே ஜிப்பில்’ பக்கம் வேண்டாம்.

கடைசியாக, பிரதி எடுத்து வைப்பது. மோட்கள் தளத்திலிருந்து காணாமல் போவதுண்டு, ஆசிரியரே எடுத்துவிடலாம். இறக்கிய ஜிப்களை நிறுவியதும் அழித்துவிடாமல் வெளி வட்டில் வைத்திருங்கள். மோட் ஆர்கனைசரைப் போர்ட்டபிள் முறையில் நிறுவியிருந்தால் மோட்கள், ப்ரொஃபைல்கள், குறிப்புகள், வரிசை எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். அக்கா மகனுக்குப் புது லேப்டாப் வாங்கியபோது அந்த ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி செய்தோம். அவனுடைய சேவும் அதே ப்ரொஃபைலில் இருந்ததால் கூடவே வந்தது. டிரைவ் எழுத்து மாறியிருந்ததால், கேமும் கருவிகளும் இருக்கும் பாதையை மட்டும் அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது.